ஏக்கருக்கு நாலாயிரம்

2024 மே 26, ஞாயிறு. தேவாரம்

கட்டணத்தை ஏற்றியே ஆக வேண்டும். 2019-ல் கம்பெனி வேலையை விட்டுத் தனியாகத் தோட்ட ஆலோசனை சொல்லக் கிளம்பியபோது, ஒருமுறை வந்து பார்த்து எழுதிக் கொடுக்க ஐந்நூறு ரூபாய் என்று வைத்தேன். இன்றுவரை அதே ஐந்நூறுதான். பெட்ரோல் நூறைத் தாண்டிவிட்டது. திராட்சைப் பந்தலில் ஆள் கூலி ஏறியது, மருந்து விலை ஏறியது. என் கட்டணம் மட்டும் போட்ட இடத்தில் கிடக்கிறது.

பக்கத்து ஆள் என்ன வாங்குகிறார் என்று பார்த்து நிர்ணயிக்க இங்கே பக்கத்து ஆள் கிடையாது. மருந்துக் கடைக்காரர் இருக்கிறார், அரசுத் தோட்டக்கலை அலுவலர் இருக்கிறார். காசு வாங்கிக்கொண்டு ஆலோசனை மட்டும் சொல்கிறவர் என்று என்னைத் தவிர யாரையும் தெரியவில்லை. அதனால் கணக்கை என் வீட்டிலிருந்தே தொடங்கினேன்.

வீட்டுக்கு வருடம் ஆறு லட்சம் வேண்டும். சாப்பாடு, வாடகை, பிள்ளையின் காலேஜ் பீஸ், மருத்துவக் காப்பீடு, பி.எஃப். இல்லாத எனக்கு வயதான காலத்துச் சேமிப்பு, எல்லாம் சேர்த்து. தொழில் செலவு ஒன்று எண்பது: வண்டி, பெட்ரோல், போன், மண் பரிசோதனை, பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரிக்கும் ஆனைமலையன்பட்டி திராட்சை ஆராய்ச்சி நிலையத்துக்கும் போய் விவரம் கேட்டு வருவது. ஆக ஏழு லட்சத்து எண்பதாயிரம்.

சம்பளக்காரருக்கு மாதத்தின் எல்லா நாளும் சம்பள நாள். எனக்கு ஞாயிறு, திருவிழா, கல்யாணம், காதுகுத்து, காய்ச்சல், படிக்கிற நாள், வரவு செலவு எழுதுகிற நாள் எல்லாம் கழித்துத் தோட்டத்தில் நிற்பது வருடத்துக்கு இருநூறு நாள் இருந்தால் அதிகம். நாளுக்கு இரண்டு தோட்டம். நானூறு வருகை. ஏழு எண்பதை நானூறால் வகுத்தால் 1,950 ரூபாய் வருகிறது.

நான் வாங்குவது 500. மிச்சத்தை இத்தனை காலமும் என் வீட்டுக்காரருடைய சம்பளம் தாங்கியிருக்கிறது. என் வீடு இந்தப் பள்ளத்தாக்கின் பந்தல்களுக்கு மானியம் கொடுத்து வந்திருக்கிறது என்றுதான் இதற்கு அர்த்தம்.

மே 28, செவ்வாய்

ஆனைமலையன்பட்டிப் பக்கம் ஒரு பன்னீர் திராட்சைத் தோட்டம். கவாத்து முடிந்து நாலைந்து இலை விட்டிருக்கிறது. மேற்கே மலையில் மேகம் இறங்கிவிட்டது. இனி சாரல் காற்று வரும், கூடவே அடிச்சாம்பல் நோய் வரும். விவசாயி கடையில் முன்கூட்டியே வாங்கி வைத்திருந்தார். பில்லைக் காட்டினார், 11,600 ரூபாய்.

பையைப் பிரித்துத் தரையில் பரப்பினேன். மெட்டலாக்சிலும் மேன்கோசெப்பும் கலந்த தூள் ஒரு பாக்கெட். அதே கலவை, வேறு கம்பெனிப் பெயரில் இன்னொரு பாக்கெட். கடல்பாசிச் சாறு ஒரு பாட்டில், ஹியூமிக் ஒன்று, சிவப்பு மூடி போட்ட டானிக் ஒன்று. டானிக்கில் என்ன இருக்கிறது என்பதை லேபிளை மூன்று தரம் படித்தும் என்னால் சொல்ல முடியவில்லை.

"கடையில காசு வாங்காமச் சொல்றாங்க. நீ காசு வாங்கிட்டுச் சொல்ற. ரெண்டுக்கும் என்னத்தா வித்தியாசம்?" என்று கேட்டார். குத்தலாக இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

இரண்டு பாக்கெட்டையும் அவர் கையில் கொடுத்துச் சின்ன எழுத்தில் இருந்ததைப் படிக்கச் சொன்னேன். மகன் படித்தான். ஒரே பெயர்கள், ஒரே சதவீதம். "இதுல ஒண்ண மட்டும் அடிங்க. அடுத்த தரம் இதையே அடிக்காதீங்க, வேற வகை மருந்து எழுதித் தர்றேன். ஒரே மருந்தத் திரும்பத் திரும்ப அடிச்சா பூஞ்சாணம் பழகிப் போயிரும். பிரிக்காத பாட்டிலக் கடையில குடுத்து மாத்திக்கங்க." என்றேன். அவர் பில்லையும் பாக்கெட்டையும் மாறி மாறிப் பார்த்தார். கடையில் அவர் கேட்ட யோசனைக்கான கூலி அந்தப் பில்லுக்குள்தான் இருந்தது. தனியாக எழுதப்படாததால் அவருக்குத் தெரியவில்லை.

கடைக்காரரைத் திட்ட எனக்கு மனமில்லை. மருந்து விற்றால்தான் அவருக்கு வருமானம். ஆலோசனை கேட்டு வந்தவரை வெறுங்கையோடு அனுப்பினால் அவர் கடை வாடகையை யார் கட்டுவது? அந்த இடத்தில் உட்கார்ந்தால் நானும் இரண்டு பாக்கெட்டைத்தான் எடுத்துக் கொடுத்திருப்பேன் என்ற பயத்தில்தான் கடை வைக்காமல் இருக்கிறேன்.

ஜூன் 1, சனி

கேரளத்தில் பருவமழை இறங்கிவிட்டது. போன் ஓயவில்லை.

காமயகவுண்டன்பட்டியில் ஒரு தோட்டம். பூவெடுத்த கொத்துகளில் பாதி பழுப்பேறி உதிர்ந்துகொண்டிருக்கிறது. இலையைத் திருப்பினால் அடியில் வெள்ளைப் பூச்சு. பத்து நாளுக்கு முன்னால் கூப்பிட்டிருந்தால் தடுத்திருக்கலாம். "அப்பவே இலையில எண்ணெய் வடிஞ்ச மாதிரி புள்ளி பாத்தேம்மா. ஒரு நட சும்மா வந்துட்டுப் போனா ஐநூறு ஆகுமேன்னு இருந்துட்டேன்" என்றார் அந்த அம்மா.

வரும் வழியெல்லாம் இதையே நினைத்தேன். ஒரு வருகைக்கு இவ்வளவு என்று வைத்தால், கூப்பிடாமல் இருப்பது லாபம் என்று விவசாயிக்குத் தோன்றும். நோய் முற்றிய பிறகுதான் கூப்பிடுவார். நானோ தடுப்பதற்காகப் படித்தவள். எனக்கும் அதே கோணல்தான்: நோய் வந்தால் எனக்கு வருகை கூடும், பயிர் நன்றாக இருந்தால் வருமானம் குறையும். இருவரையும் தப்பான பக்கம் தள்ளுகிற கட்டணம் அது. ரூபாயை ஏற்றினால் மட்டும் போதாது. எதற்கு வாங்குகிறேன் என்பதையே மாற்ற வேண்டும்.

ஜூன் 5, புதன்

நேற்றுத் தேர்தல் முடிவு, ஊரே டிவி முன்னால். இன்றுதான் வேலை நடந்தது.

பண்ணைப்புரத்தில் பெரியப்பா தென்னந்தோப்பில் வெள்ளை ஈ. பார்த்து எழுதிக் கொடுத்தேன். கிளம்பும்போது ஒரு தார் வாழையை வண்டியில் வைத்துக் கட்டிவிட்டார். "ஏத்தா, கட்டணத்தக் கூட்டப் போறியாமுல்ல? பொம்பளப் புள்ள, வீட்டுல அவரும் சம்பாதிக்காரு. எதுக்கு நாலு பேரு வாயில விழணும்?"

"பெரியப்பா, வக்கீலுக்கு எவ்வளவு குடுத்தீங்க?" என்றேன். போன வருடம் பாதைத் தகராறுக்கு உத்தமபாளையம் கோர்ட்டுக்கு நடந்தவர் அவர்.

"அது வேற, இது வேறத்தா. நீ நம்ம வீட்டுப் புள்ள."

நம்ம வீட்டுப் பிள்ளை என்பதை மறுக்க மாட்டேன். அவர் தூக்கி வளர்த்த பிள்ளை நான். ஆனால் இந்தப் பள்ளத்தாக்கில் யார்தான் எனக்கு மாமா இல்லை, சித்தப்பா இல்லை? உறவுக்கெல்லாம் இலவசம் என்றால் சம்பந்தமில்லாத ஊர்க்காரர் மட்டும் எல்லோருக்கும் சேர்த்துக் கொடுப்பதாக ஆகும். ஒரு முடிவுக்கு வந்தேன். பெரியப்பா ஒருவருக்கு மட்டும் காசு வாங்குவதில்லை. ஆனால் அவருக்கும் ரசீது உண்டு. முழுக் கட்டணத்தை எழுதி, கீழே அதே தொகையைத் தள்ளுபடி என்று எழுதி, செலுத்த வேண்டியது இல்லை என்று முடித்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கப் போகிறேன். அவர் வாங்குவதற்கு விலை உண்டு என்பதும், அந்த விலையைத் தருவது நான் என்பதும் எழுத்தில் இருக்கட்டும். மற்றச் சொந்தங்களுக்கு ஊருக்கு உள்ளதே. வாழைத்தாரை வாங்கிக்கொள்வேன், அது பிரியத்தில் வருவது.

ஜூன் 9, ஞாயிறு

புதுக் கட்டணம் முடிவாகிவிட்டது. திராட்சைக்கு ஏக்கருக்கு, ஒரு பயிருக்கு நாலாயிரம் ரூபாய். கவாத்திலிருந்து அறுவடை வரை ஏறக்குறைய நான்கு மாதம். எட்டு வருகை: கவாத்துக்கு முன், துளிர், பூ, பிஞ்சு என்று எந்தெந்தக் கட்டத்தில் வருவேன் என்பது முன்னாலேயே தாளில் இருக்கும். இடையில் எத்தனை தரம் போன் செய்தாலும் தனிக் கட்டணம் இல்லை. பாதி முன்பணம், மீதி பிஞ்சுக் கட்டத்தில். அறுவடைக்குப் பிறகு என்று வைத்தால், அன்றைய திராட்சை விலைதான் என் கட்டணத்தை முடிவு செய்யும்.

என்னிடம் வருகிற தோட்டங்கள் பெரும்பாலும் இரண்டு, மூன்று ஏக்கர். இரண்டரை ஏக்கருக்குப் பத்தாயிரம், ஒரு வருகைக்கு 1,250. தேவைப்பட்ட 1,950-க்கு இது எட்டாது. அதற்கு வழி, திங்கள் சுருளிப்பட்டிப் பக்கம், செவ்வாய் ராயப்பன்பட்டிப் பக்கம், புதன் ஓடைப்பட்டி என்று நாளைப் பிரித்துக்கொள்வது. வண்டி ஓட்டும் நேரம் மிச்சமாகி நாளுக்கு மூன்று தோட்டம் பார்க்கலாம். அறுநூறு வருகை, 1,300 வந்தால் போதும். மலையில் நான் பார்க்கிற ஏலத்தோட்ட வேலை அந்த ஐம்பது ரூபாய்க் குறையை அடைத்துக் கொஞ்சம் மிச்சமும் வைக்கும்.

இது நான் கண்டுபிடித்த முறையில்லை. நாசிக், சாங்கிலிப் பக்கம் திராட்சை ஆலோசகர்கள் ஏக்கருக்கு இவ்வளவு, பருவத்துக்கு இவ்வளவு என்று வாங்குவது பழக்கத்தில் இருக்கிறது. அங்கே விவசாயி அதைக் கவாத்துக் கூலியோடும் மருந்துச் செலவோடும் சேர்த்துத்தான் கணக்குப் போடுகிறார். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய கம்பம் பன்னீர் திராட்சையின் செலவுக் கணக்கில் அப்படி ஒரு வரி ஏன் இருக்கக் கூடாது?

மத்திய அரசே 2002-ல் வேளாண் மருத்துவ மையத் திட்டம் கொண்டுவந்தது. வேளாண் பட்டதாரிகள் தனியாகத் தொழில் தொடங்கி விவசாயிக்கு ஆலோசனை சொல்லட்டும் என்பதுதான் எண்ணம். பயிற்சி உண்டு, வங்கிக் கடன் உண்டு, கடனில் மானியம் பொதுவாக 36 சதவீதம், பெண்களுக்கு 44. நானும் மதுரையில் அந்தப் பயிற்சியில் உட்கார்ந்தவள்தான். கூடப் படித்தவர்களில் பலர் இன்று உரக்கடை, மருந்துக்கடை வைத்திருக்கிறார்கள். நல்ல பிள்ளைகள், கெட்டிக்காரர்கள். ஆலோசனைக்குக் காசு கேட்க முடியாததால் ஆலோசனையோடு சரக்கையும் சேர்த்து விற்கிறார்கள். பிரான்சில் இதற்குச் சட்டமே போட்டார்கள். 2021 ஜனவரி முதல் பூச்சிமருந்து விற்கிறவர் அதைப் பற்றி ஆலோசனை விற்கக் கூடாது, இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று வைத்தார்கள். நமக்கு அப்படிச் சட்டம் இல்லை. என் கட்டணம்தான் எனக்குச் சட்டம்.

போன மாதம் ஒரு கடைக்காரர் நேராகவே கேட்டார். என் சீட்டில் அவர் கடைச் சரக்கின் பெயரை எழுதினால் பில்லில் பத்து சதவீதம். சரக்கு ஒன்றும் மோசமில்லை. ஆனால் அதை வாங்கிவிட்டால், ஆனைமலையன்பட்டியில் இரண்டாவது பாக்கெட்டைப் பிரிக்காதீர்கள் என்று சொல்ல என் வாய் வருமா? வாங்குவதில்லை என்று சொல்லிவிட்டேன். அப்படிச் சொல்லிவிட்டுப் பிழைப்பு நடத்த வேண்டுமானால் விவசாயியிடமிருந்து போதுமான அளவு வாங்கியே ஆக வேண்டும். ஐந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு அந்த உறுதியில் நிற்க முடியாது.

ஜூன் 14, வெள்ளி

பழைய ஆட்களுக்கு முதலில், நேரில் போய்ச் சொல்கிறேன். காய் பந்தலில் இருப்பவருக்கு இந்தப் பயிர் முடியும்வரை பழைய கட்டணமே. அடுத்த கவாத்திலிருந்து புதியது. நடுப்பயிரில் கூட்டினால், அவர் விலக முடியாத நேரத்தில் கழுத்தைப் பிடித்ததாக ஆகும்.

சுருளிப்பட்டிக்காரர் தாளை வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுக்கப் படித்தார். நான் ஒன்றும் பேசவில்லை. அந்த அமைதியில் ஏதாவது சொல்லி ஆயிரத்தைக் குறைத்துவிடத் தோன்றும். சொல்லாமல் உட்கார்ந்திருந்தேன். கடைசியில், "ராத்திரியில போன் பண்ணா எடுப்பீங்களா மேடம்?" என்று கேட்டார். எட்டு மணி வரை எடுப்பேன் என்றேன். அடுத்த கவாத்துத் தேதியைக் குறித்துக் கொடுத்துவிட்டார்.

கோம்பைக்காரர் வேண்டாம் என்றார். "ஐநூறுக்கு வந்தா வாங்க, இல்லேன்னா நாங்க பாத்துக்கிறோம்." வருத்தமாகத்தான் இருந்தது, மூன்று வருடத் தோட்டம். அவர் பந்தலுக்கு இதுவரை எந்தத் தேதியில் என்ன மருந்து அடித்தோம், மண் பரிசோதனையில் என்ன வந்தது என்பதையெல்லாம் நகல் எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தேன். அது அவருடைய தோட்டத்து விவரம். அதைக் கையில் வைத்துக்கொண்டு பேரம் பேசக் கூடாது.

அரசு அலுவலர் சும்மா சொல்கிறாரே என்றும் ஒருவர் கேட்டார். அவரிடமும் கட்டாயம் கேளுங்கள் என்றேன். மானியம், காப்பீடு, திட்டங்கள் எல்லாம் அவர் வழியாகத்தான் வரும். உழவன் செயலி இருக்கிறது, 2004 முதல் கிசான் கால் சென்டர் இருக்கிறது. ஆனால் பல ஊரைச் சுமக்கிற ஓர் அலுவலர், உங்கள் பந்தல் பூவெடுக்கிற அதே வாரம் உங்கள் பந்தலுக்குள் நிற்பார் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

ஜூன் 20, வியாழன்

மலைக்குப் போய் வந்தேன். இடுக்கிப் பக்கம் ஓர் ஏலத்தோட்டம். எங்கள் ஊருக்கு நேர் மேலே இருக்கிற மலைதான். சாக்கலூத்து மெட்டுச் சாலை போட்டிருந்தால் காலையில் ஏறி மதியம் இறங்கிவிடலாம். பல பத்தாண்டுகளாகக் கேட்டும் வராத சாலை. போடிமெட்டு சுற்றிப் போனால் ஒரு முழுநாள். இந்த ஊர்த் தோட்டத் தொழிலாளர்கள் ஜீப்பில் நெருக்கியடித்துத் தினமும் அதே சுற்றுதான் சுற்றுகிறார்கள். என் கட்டணத்தில் அந்த நாளும் சேரத்தான் வேண்டும்.

இந்த வருடக் கோடையில் ஏலம் கருகியதைப் பார்க்கச் சகிக்கவில்லை. சரிவு சரிவாகத் தட்டை காய்ந்து சாய்ந்து கிடக்கிறது. நிழல் மரத்தை அதிகம் கழித்த பகுதிகளில்தான் சேதம் கூடுதல். இந்த நேரத்தில் கட்டணம் பற்றிப் பேசலாமா என்று மனதில் ஒரு தயக்கம். ஆனால் இப்போது அவர்களுக்கு வேலையும் கூடுதல்: எந்தத் தூரைக் காப்பாற்றலாம், எதைப் பிடுங்கி மறுநடவு செய்யலாம், நிழலை எங்கே மீட்பது.

மேனேஜர் ஒரு யோசனை சொன்னார். மாதக் கட்டணம் வேண்டாம், போன வருடத்தைவிடக் கூடுதலாக வருகிற காயில் இரண்டு சதவீதம். "2019-ல கிலோ ஏழாயிரம் வரைக்கும் போச்சே மேடம், அப்படி ஒரு வருசம் வந்தா உங்களுக்குத்தான் லாபம்" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். நான் மாட்டேன் என்றேன்.

காய் கூடினால் எனக்குப் பங்கு என்று ஆகிவிட்டால், த்ரிப்ஸ் பூச்சிக்கு இன்னொரு மருந்து அடிக்கலாமா கூடாதா என்று கேட்கிற நாளில் என் கணக்கும் அந்தப் பதிலுக்குள் வந்துவிடும். மருந்து எச்சம் மீறியது என்று நம் ஏலக்காயைச் சவுதி அரேபியா திருப்பி அனுப்பியது யாருக்கும் மறக்கவில்லை. வக்கீல் வழக்கின் முடிவைப் பொறுத்துக் கட்டணம் பேசக் கூடாது என்பது பார் கவுன்சில் விதி. ஆடிட்டருக்கும் லாபத்தில் சதவீதம் கூடாதென்று 1949-ம் வருடச் சட்டமே சொல்கிறது. எங்கள் தொழிலுக்கு அப்படி விதி எழுதியவர் யாருமில்லை, நாமே வைத்துக்கொள்ள வேண்டியதுதான். அதோடு 2019-ல் விலை ஏறியதற்கும் நான் காரணமில்லை, இந்தக் கோடை கருக்கியதற்கும் நான் காரணமில்லை.

மாதம் பதினைந்தாயிரம், இரண்டு வருகை, மறுநடவுத் திட்டம் எழுத்தில் என்று பேசி முடிந்தது. கம்பெனித் தோட்டம் என்பதால் பத்து சதவீதம் வருமான வரி பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். பிடித்தது ரிட்டர்ன் போடும்போது கணக்கில் வரும். வரவில் பாதியை வருமானமாகக் காட்டலாம் என்று ஆடிட்டர் சொல்கிறார். வருட வரவு இருபது லட்சத்தை எட்டும்வரை ஜிஎஸ்டி பதிவுக் கவலையும் இல்லை.

ஜூலை 3, புதன்

கோம்பைக்காரர் வாட்ஸப்பில் இலைப் படம் அனுப்பி, "இது என்ன நோய் மேடம்?" என்று கேட்டிருந்தார். கோபமில்லை, அவர் கேட்பதும் நம்பிக்கையில்தான். படம் பார்த்துச் சொல்ல 300 ரூபாய், தோட்டத்துக்கு வராமல் சொல்வதால் உறுதி குறைவு என்று எழுதினேன். அரை மணியில் ஜிபே வந்தது. படத்தில் இருந்தது சாம்பல் நோய், மருந்தும் அளவும் எழுதி அனுப்பினேன்.

ஜூலை 12, வெள்ளி

நாலாயிரம் என்றதும் வாயைத் திறக்காமல் போனவர்கள் அரை ஏக்கர், முக்கால் ஏக்கர்காரர்கள். அவர்களை விட்டுவிட்டால் கடைக்குத்தான் போவார்கள். பில்லில் ஏமாந்தால் தாங்க முடியாதவர்களும் அவர்கள்தான். ஆளுக்கொரு விலை சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. வேலையைக் குறைத்தால்தான் விலையைக் குறைக்க முடியும்.

இன்று தே.சிந்தலைச்சேரியில் பக்கத்துப் பக்கத்துப் பந்தல்காரர்கள் ஆறு பேர் சேர்ந்து உட்கார்ந்தோம். மொத்தம் நாலு ஏக்கர். எல்லோரும் ஒரே வாரத்தில் கவாத்து அடிக்க ஒப்புக்கொண்டால் ஒரே வருகையில் ஆறையும் பார்த்துவிடலாம். நோயும் ஒரு பந்தலிலிருந்து அடுத்ததற்குத் தாவுவது குறையும். கட்டணம் குழுவுக்கு ஒரு பயிருக்குப் பத்தாயிரம். ஏக்கர் அளவில் பிரித்துக்கொள்வது அவர்கள் பாடு. அரை ஏக்கர்காரருக்கு 1,250 விழும். அரை மணி நேரம் சண்டை, பெரும்பாலும் யார் தோட்டத்தில் முதலில் கவாத்து என்பதில். பிறகு ஒத்துக்கொண்டு ஐயாயிரம் முன்பணம் எண்ணி வைத்தார்கள். ஆறு பேருக்கும் தனித்தனி ரசீது போட்டேன்.

ஒரு பந்தல் மட்டும் குத்தகை. கட்டணம் குத்தகைக்காரருடையதா நிலக்காரருடையதா என்பது முடிவாகவில்லை. கொடி நிலக்காரருடையது, காய் குத்தகைக்காரருடையது. நான் சொல்கிற யோசனையில் பாதி கொடியின் ஆயுளுக்கு, பாதி இந்தக் காய்க்கு. சரிபாதி என்று சொல்லிப் பார்க்கிறேன். செவ்வாய்க்கிழமை சின்னமனூரிலிருந்து நிலக்காரர் வருகிறார். அதற்குள் கவாத்துக் குறிப்பை எழுதி முடித்து இரண்டு நகல் எடுத்து வைக்க வேண்டும்.